ஏகாம்பரத்தின் கண்கள் மூடாத மதியம்

உங்களுக்கெல்லாம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து போன் வந்தால், அந்தப் பக்கம் பேசுகிறவர் வாக்கியத்தை முடிப்பதற்குள், "பேட்ச் எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆயிருக்கு சார்" என்கிறீர்கள். உங்கள் மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு என்னைப் பேசக் கூப்பிட்டீர்களே, அன்றைக்கே காதால் கேட்டேன். போனை எடுத்த ஒருவர்கூட "நோயாளிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கவில்லை. மாலை போட்டு உட்கார வைத்திருந்ததால் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன். கோபம் வந்தால் வரட்டும், எனக்கும் கோபத்தில்தான் எழுத வருகிறது.

1991-ல் நான் மண்ணூர் பக்கம் ஒரு சின்ன ஊசிமருந்துத் தொழிற்சாலையில் கெமிஸ்ட். நீங்கள் இன்று கம்பெனி பஸ்ஸில் ஏசி போட்டுத் தூங்கிக்கொண்டு போகிற சாலை, அப்போது எதிரில் லாரி வந்தால் சைக்கிளோடு வயலில் இறங்க வேண்டிய சாலை. எங்கள் கட்டடத்தைச் சுற்றி வேர்க்கடலை போட்டிருப்பார்கள். உள்ளே நாங்கள் வெள்ளைத் தொப்பியும் முகமூடியும் போட்டுக்கொண்டு மூளைக்கு மருந்து செய்துகொண்டிருந்தோம்.

மருந்தின் பெயர் பாப்பாவரின். புதியவர்களுக்காகச் சொல்கிறேன். ரத்தக்குழாயின் சுவரில் தசை இருக்கிறது. அந்தத் தசைக்குள் 'தளர்ந்துகொள்' என்று ஒரு சேதி ஓடும். அந்தச் சேதியை அழிப்பதற்கென்றே ஒரு நொதி இருக்கிறது. பாப்பாவரின் அந்த நொதியை வேலை செய்ய விடாது. சேதி அழியாமல் நிற்கும், தசை தளரும், குழாய் விரியும். மூளையில் குழாய் வெடித்தவர்களுக்கு இது ஏன் வேண்டும் என்றால், வெளியே சிந்திய ரத்தம் பட்ட குழாய்கள் பிறகு சுருங்க ஆரம்பிக்கும். வெடிப்பில் பிழைத்தவர் சுருக்கத்தில் போய்விடுவார். ஆபரேஷனில் டாக்டரின் கருவி பட்டாலே சில குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். அதனால் பஞ்சை இந்த மருந்தில் நனைத்துக் குழாய் மேல் வைப்பார்கள்.

இப்போது நீங்கள் வேறு நொதிகளைத் தடுக்கிற புது மருந்துகள் செய்கிறீர்கள். நல்லது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மருந்துக்கு விலாசம் தெரியாது. இது மூளைக் குழாயின் தசை, இது வேறு தசை என்று அது பார்ப்பதில்லை. எங்கே பட்டதோ அங்கே வேலையைக் காட்டும்.

ஏகாம்பரம் எங்கள் வேன் டிரைவர். அவன் மனைவி கஸ்தூரி உள்ளே ஆம்ப்யூல் சீல் செய்கிற மிஷினில் இருந்தாள். ஆம்ப்யூல் என்பது விரல் நீளக் கண்ணாடிக் குப்பி. மருந்தை நிரப்பி, கழுத்தை நெருப்பில் உருக்கி மூடுவார்கள். ஒருநாள் காலை டீ நேரத்தில் ஏகாம்பரம் வேனிலிருந்து இறங்கினான். "தலைல யாரோ அடிச்சிட்டாங்க" என்று திரும்பிப் பின்னால் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. அப்படியே மடங்கி விழுந்தான்.

சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். மூளையில் ஒரு குழாய் வீங்கி வெடித்திருக்கிறது, கிளிப் போட்டு மூட வேண்டும் என்றார்கள். ஆபரேஷன் நாள் குறித்தார்கள். அங்கே பாப்பாவரின் தீர்ந்துபோயிருந்தது. கஸ்தூரி டாக்டரிடம், "நாங்கதான் சார் அத செய்யறோம்" என்று சொல்லியிருக்கிறாள். முறைப்படி அவர்கள் கேட்டு எழுத, ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு நானே பூந்தமல்லி வழியாகப் பஸ்ஸில் போனேன். பெட்டியை மடியில் வைத்திருந்தேன். எத்தனையோ பெட்டி அனுப்பியிருக்கிறேன், யாருக்குப் போகிறது என்று தெரிந்து கொண்டுபோனது அது ஒன்றுதான்.

ஆபரேஷன் மதியத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. கிளிப் நன்றாக உட்கார்ந்தது என்று நர்ஸ் வந்து சொன்னாள். கஸ்தூரி வராந்தாவில் தூணைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அவளுக்கு டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

அந்த டாக்டர் தெற்கத்திக்காரர், மெல்லிய ஆள், குரலை உயர்த்தாதவர். அன்று குரல் உயர்ந்தே இருந்தது.

"இங்க வாங்கம்மா. வந்து பாருங்க. நீங்க கொண்டு வந்த மருந்துதான வச்சேன்?"

ஏகாம்பரத்தின் தலை முழுக்கக் கட்டு. வாயில் குழாய். மயக்கம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை, கைகால் அசைவு இல்லை. டாக்டர் கட்டைவிரலால் அவன் இமையைத் தூக்கினார்.

கண்ணுக்குள் கறுப்பு. வெறும் கறுப்பு. பழுப்பு நிறம் ஓரத்தில் ஒரு நூலளவுதான் மிச்சம். டார்ச் அடித்தார். சாதாரணக் கண் என்றால் வெளிச்சம் பட்டதும் நடுவில் இருக்கிற கறுப்புப் பாப்பா சுருங்க வேண்டும். அது சுருங்கவில்லை. அடுத்த கண்ணைத் தூக்கினார். அதுவும் அப்படியே. அந்தக் கறுப்பில் ஜன்னல் தெரிந்தது, டார்ச் தெரிந்தது, குனிந்து பார்க்கிற என் முகம் தெரிந்தது. நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கை சூடாக இருந்தது. கண் மட்டும் செத்தவன் கண். பிணத்தைப் பார்த்து நான் பயந்ததில்லை. அன்று உயிரோடு இருந்தவனைப் பார்த்துப் பயந்தேன்.

"ரெண்டு கண்ணும் இப்படி விரிஞ்சா என்ன அர்த்தம் தெரியுமா? உள்ள ரத்தம் கட்டி மூளைய நசுக்குதுன்னு அர்த்தம். உடனே மறுபடி மண்டையத் திறக்கணும். ஆனா நான் மூடும்போது உள்ள சுத்தமா இருந்தது, சொட்டு ரத்தம் இல்ல. ஸ்கேன் மிஷின் இந்த வாரம் ரிப்பேர். வெளிய கொண்டு போனா வழியிலேயே போயிருவார். சொல்லுங்க, அந்தக் குப்பில என்ன இருந்தது?"

"பேட்ச் எல்லா டெஸ்ட்டும் பாஸ் சார்."

"நான் அதையா கேட்டேன்?"

இன்னும் அந்தக் குரல் காதில் இருக்கிறது. அவர் கேட்டது வேறு. நான் பதில் சொன்னது யாரும் கேட்காத கேள்விக்கு. அந்த மருந்து என்ன செய்யும் என்று அவர் கேட்கிறார். எங்கள் மேல் தப்பில்லை என்று நான் சொல்கிறேன்.

"திறந்து பாத்து உள்ள ஒண்ணும் இல்லைன்னா?" என்று கேட்டேன்.

"இப்பதான் அந்தக் குழாய் அடங்கியிருக்கு. மறுபடி கைய வச்சா சுருங்கிக்கும். அப்புறம் அவர எழுப்ப முடியாது. திறக்காம விட்டு, உள்ள ரத்தம் இருந்துச்சுன்னா, சாயங்காலம் இருக்க மாட்டார். புரியுதா? தியேட்டரத் தயார் பண்ணச் சொல்லியிருக்கேன். அதுக்குள்ள உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சா வந்து சொல்லுங்க."

வெளியே வந்தேன். கஸ்தூரி தூணிடம் இல்லை. தரையில் குந்தி, முந்தானையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, கதவு இடுக்கு வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் இமையைத் தூக்கியதை அவளும் பார்த்துவிட்டாள்.

"எங்கிட்ட இருந்துதான்க்கா போயிருக்கு" என்றாள்.

"எது?"

"என் கண்ணுல வந்துச்சே, அது. இப்ப அவரு கண்ணுல போய் குந்திக்கிச்சி. எனுக்கு ஒரு கண்ணு. அவருக்கு ரெண்டும்."

மதிய வெயில் வராந்தாவில் அப்பட்டமாக அடித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அறைந்துவிடலாமா என்றும் இருந்தது.

"இன்னாடி உளர்ற? உன் கண்ணுல எப்ப, இன்னா வந்துச்சி?"

"போன மழைல. வூட்ல மூஞ்சி கழுவிட்டு கண்ணாடி பாக்கறேன், ஒரு கண்ணு சின்னதா கீது, ஒரு கண்ணு முழுக்க கறுப்பா கீது. வெளக்க பாத்தா கூசுது. மாமியா பாத்துட்டு, அய்யய்யோ, இவ கண்ணு உள்ள வேற யாரோ குந்திக்கினு பாக்கறாங்கடான்னு கத்திச்சி. தெருவே வந்துச்சி. வல்லக்கோட்டை முருகனுக்கு மொட்டை போடறேன்னு வேண்டிக்கினு படுத்தேன். காலைல பாத்தா சரியாப் போச்சி."

"அப்புறம்?"

"மொட்டை போடலக்கா. லைன்ல எல்லாம் சிரிப்பாளுங்கன்னு தள்ளிப் போட்டேன். அதான் அவர புடிச்சிக்கிச்சி."

"அன்னிக்கு வேலைக்கு வந்தியா?"

"வந்தேன்."

"வேலைல கண்ணுல ஏதாவது பட்டுச்சா?"

அவள் மறுபடி கதவு இடுக்குப் பக்கம் திரும்பினாள். நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். தப்புதான், அந்த நேரத்தில் மரியாதை தோன்றவில்லை.

"சீல் போடசொல்ல ஒரு குப்பி பட்டுனு வெடிச்சிச்சி. தண்ணி தெறிச்சிது. எரிஞ்சிது. மேனேஜர் சாரு கழுவச் சொன்னாரு. வெறும் தூசுதான், கெமிஸ்ட் அக்காகிட்ட போய் சொல்லிக்கினு இருக்காதன்னாரு."

"எந்த மருந்து ஓடிச்சி அன்னிக்கு?"

"இதேதான்க்கா."

புரிகிறதா உங்களுக்கு? கண்ணின் பாப்பாவைச் சுருக்குவதும் ஒரு தசைதான். எங்கள் மருந்து அதன் மேல் தெறித்தது. அது தளர்ந்து திறந்துகொண்டது. மருந்து தீர்ந்ததும் மூடிக்கொண்டது. ஒரு மேனேஜர் அதைத் தூசு என்று சொன்னதால் அது பேயாகிவிட்டது. மழைக்காலத்திலிருந்து இந்தப் பெண் அந்தப் பேயைத் தலையில் சுமந்துகொண்டு அதே மிஷினில் நின்றிருக்கிறாள்.

மருத்துவமனை வாசலில் எஸ்.டி.டி. பூத் இருந்தது. தொழிற்சாலைக்குப் போன் போட்டேன். கஸ்தூரியை நம்பாமல் இல்லை. டாக்டரிடம் போய்ச் சொல்வதற்கு முன்னால் இன்னொரு வாயால் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

"அவ சொன்னாளா?" என்றார் மேனேஜர். "அது தூசும்மா."

"அன்னிக்கு பாப்பாவரின்தான ஓடிச்சி?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பின்னால் மிஷின் ஓடுவது கேட்டது.

"இப்ப இன்னாத்துக்கு அதெல்லாம்? பேட்ச் பாஸுன்னு சொல்லிட்டு வா. மருந்தால கண்ணு போச்சின்னு அந்த டாக்டரு ஒரு வரி எழுதினா லைசென்ஸ் காலி. உனுக்கும் வேல இல்ல, அவளுக்கும் வேல இல்ல. புருசன் வேற படுத்துக்கினு கீறான். யோசிச்சிப் பேசு."

"தூசுக்கு எதுக்கு சார் லைசென்ஸ் போவும்?"

போனை வைத்துவிட்டேன். எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

இப்போது நான் சொல்கிறதைக் கவனியுங்கள், ஏனென்றால் இந்த இடத்தில் ஒருநாள் நீங்களும் நிற்பீர்கள். பூத்திலிருந்து அந்தக் கதவு வரைக்கும் நடக்கும்போது எனக்குத் தைரியமெல்லாம் ஒன்றும் இல்லை. வாய் திறந்து, டாக்டர் என் பேச்சைக் கேட்டுத் திறக்காமல் விட்டு, உள்ளே நிஜமாகவே ரத்தம் கட்டியிருந்தால் ஏகாம்பரத்தை நான் கொன்றவள். வாய் திறக்காமல் இருந்தால், அவன் செத்தாலும் பிழைத்தாலும் என்னை ஒருவரும் கேட்கப்போவதில்லை. இந்த வேலையில் அதுதான் அசிங்கம். சும்மா இருப்பவருக்கு எப்போதும் ஆபத்தில்லாமல் செய்து வைத்திருக்கிறார்கள்.

டாக்டர் கை கழுவப் போய்க்கொண்டிருந்தார். படுக்கைப் பக்கத்திலேயே நிறுத்திச் சொன்னேன். சீல் மிஷின், வெடித்த குப்பி, தெறித்த கண், காலையில் சரியானது, மேனேஜர் தூசு என்றது, எல்லாம்.

"நீங்க பாத்தீங்களா?"

"நான் பாக்கல சார். அவ சொன்னா. நான் நம்பறேன்."

"மண்டைக்கு உள்ளயும் இப்படி நடக்கும்னு எங்கயாவது படிச்சிருக்கீங்களா?"

"இல்ல சார். தெரியாது. வெளிய பட்டப்ப இப்படி ஆச்சின்னு மட்டும்தான் தெரியும். அதுக்கு மேல ஒரு வார்த்த சொன்னா அது பொய்."

கஸ்தூரியைக் கூப்பிடச் சொன்னார். அவள் கதவோரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றாள். பேய்க்கதையைச் சொல்லிவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்தக் கண்ணால பாக்க முடிஞ்சுதா உனக்கு?"

"மங்கலா தெரிஞ்சிது சார். ஆனா தெரிஞ்சிது."

அவர் மறுபடி இமையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு தனக்குத்தானே பேசுவது மாதிரி சொன்னார். "பாப்பாவச் சுருக்குற நரம்பு அந்தக் குழாய ஒட்டித்தான் போகுது. பஞ்சு அங்கதான் இருந்துச்சு. மருந்து வழிஞ்சிருக்கும்." மணிக்கட்டைப் பிடித்தார். "உள்ள நசுங்குச்சுன்னா நாடி இறங்கும், பிரஷர் ஏறும். ரெண்டும் இப்ப நேரா இருக்கு." ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையை விடவில்லை. "தியேட்டர் ரெடியா இருக்கட்டும். நாடி ஒரு துளி இறங்கினாலும் உள்ள கொண்டு போயிருவேன்."

அது என் முடிவு இல்லை, அவர் முடிவு. அதையும் எழுதிவிடுகிறேன், நாளைக்கு என்னை யாரும் பெரிய ஆளாக்க வேண்டாம். எனக்குத் தெரிந்ததை நான் கொடுத்தேன். அவருக்குத் தெரிந்ததோடு அவர் அதைச் சேர்த்தார்.

காத்திருந்தோம். ஜன்னல் வெளிச்சம் தரையிலிருந்து சுவருக்கு ஏறியது. இடையிடையே டாக்டர் இமையைத் தூக்கி டார்ச் அடிப்பார். கறுப்பு. மறுபடி அடிப்பார். கறுப்பு. அந்தக் கண் என்னையே பார்ப்பது போல இருந்ததால் நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். நர்ஸ்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். நானும் டாக்டரும் பேட்ச், பஞ்சு, எத்தனை சொட்டு என்று பேசிக்கொண்டோம். கஸ்தூரி மட்டும் அவன் கால்மாட்டில் நின்று, அவனோடு சண்டை போடுகிற குரலில் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"யோவ், வேன் சாவிய எங்கய்யா வெச்ச? கம்பெனில கேட்டுக்கினே கீறாங்க. எங்க வெச்ச, சொல்லித் தொலையேன்."

ஒரு நர்ஸ் சிரித்துவிட்டாள். கஸ்தூரி நிறுத்தவில்லை.

வெளிச்சம் சுவரில் மஞ்சளாகிவிட்டிருந்தபோது டாக்டர் வலது இமையைத் தூக்கினார், டார்ச் அடித்தார், அப்படியே இருந்தார். பிறகு என்னைக் கையால் கூப்பிட்டார். கறுப்பைச் சுற்றிப் பழுப்பு வளையம் கொஞ்சம் அகலமாகியிருந்தது. வெளிச்சம் பட்டதும் கறுப்பு சோம்பேறித்தனமாக ஒரு முறை நகர்ந்தது. இடது கண் இன்னும் அசையவில்லை. அது இருட்டிய பிறகுதான் நகர்ந்தது. அவன் மண்டையைத் திரும்பத் திறக்கவில்லை.

மறுநாள் வாயிலிருந்து குழாயை எடுத்தார்கள். ஏகாம்பரத்துக்குக் குரலே வரவில்லை. கஸ்தூரி காதை அவன் வாயருகே கொண்டுபோனாள்.

"சாவி... காக்கிச் சட்ட... உள் பாக்கெட்ல" என்றான்.

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இதோடு நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். எங்கள் மருந்தின் வேலை சில மணி நேரம்தான், அதன் கண்ணாடிக் குப்பியை விட அற்ப ஆயுசு. அடுத்த வாரம் அந்தச் சுருக்கம் வந்தது. டாக்டர் தெரிந்ததையெல்லாம் செய்தார். உயிர் தங்கியது, இடது கை விளங்காமல் போனது. அவன் அப்புறம் வேன் ஓட்டவில்லை. இன்று நீங்கள் செய்கிற புது மருந்துகள் அந்த வாரத்துக்காகத்தான். அதனால்தான் உங்கள் மேல் எனக்கு இவ்வளவு கோபம். வேறு ஏதாவது செய்துகொண்டிருந்தால் விட்டுவிடுவேன்.

மேனேஜர் என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. டாக்டர் எதையும் எங்களுக்கு எதிராக எழுதவில்லை. எப்போது கேட்டாலும் உண்மையைச் சொல்கிற கம்பெனி என்று சொல்லி எங்களிடமே வாங்கினார். மேனேஜர் அதைத் தன் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சீல் மிஷினில் நிற்பவர்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கித் தரும்வரை நான் அவர் மேஜை முன்னால் நின்று கத்தினேன், வாங்கித் தந்தார்.

கஸ்தூரியிடம் நொதி, தசை, நரம்பு என்று எல்லாவற்றையும் விளக்கினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். அடுத்த கிருத்திகைக்கு வல்லக்கோட்டைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"இவ்ளோ சொல்லியும் ஏண்டி?" என்றேன்.

"நீ சொன்னதும் சரிதான்க்கா. ஆனா மொட்டையும் தொப்பிக்கு உள்ள இருந்துட்டுப் போவட்டும்" என்று சிரித்தாள்.

ஏகாம்பரத்தைத் தொழிற்சாலை கேட்டில் வாட்ச்மேனாக வைத்தார்கள். நான் ஓய்வு பெறும் வரை தினமும் அவனைத் தாண்டித்தான் உள்ளே போவேன். ரொம்ப வருஷம் கழித்து, மழைக்கு அவன் கூண்டில் ஒதுங்கியபோது, அந்த மதியம் ஏதாவது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றும் இருக்காது என்று நினைத்துத்தான் கேட்டேன்.

"எல்லாம் கீதுக்கா" என்றான். "மயக்கம் பாதி தெளிஞ்சிச்சி. கை கால் வரல. கண்ணு ரெண்டும் வாசக் கதவத் தொறந்து போட்டா மாதிரி. யாரு வேணா வர்றாங்க, எட்டிப் பாக்கறாங்க, லைட்டு அடிக்கறாங்க. இமையத் தூக்கசொல்ல அவ்ளோ வெளிச்சமும் உள்ள வருது, மூட முடியல. உள்ள நான் குந்திக்கினு கீறேன். உன் மூஞ்சி கூட வந்துச்சி. பேட்சு, பஞ்சு, தூசுன்னு பேசிக்கினே கீறீங்க. நான் உள்ள கீறேன், உள்ள கீறேன்னு கத்தறேன். ஒருத்தரும் கேக்கல. அவ ஒருத்திதான் என்கிட்ட பேசினா. சாவி எங்கன்னு கேட்டா. சரி, பதில் சொல்லிட்டுப் போவலாம்னு இருந்தேன்."

மாமியார் கத்தியது எனக்கு ஞாபகம் வந்தது. கண்ணுக்கு உள்ளே யாரோ உட்கார்ந்துகொண்டு பார்க்கிறார்கள். அவள் சொன்னது கஸ்தூரியின் கண்ணைப் பற்றி. கடைசியில் அது ஏகாம்பரத்தின் கண்ணில் உண்மையாக இருந்தது. நான் குனிந்து பார்த்தேன், என் முகம்தான் தெரிந்தது.

அடுத்த முறை போன் அடித்தால், பேட்சைப் பற்றிப் பிறகு சொல்லுங்கள். முதலில் நோயாளியின் பெயரைக் கேளுங்கள்.